சாப்பாட்டு டப்பாவில் ஒரு முத்திரை

இளவரசி சங்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று பத்து. அன்று நாலு மணிக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்பதை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது மணி ஒன்று பதினொன்று.

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி. அப்புறம் இதையே மெதுவா சொல்லு," என்றார் கமலவேணி, பார்த்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிள்ளையார்பாளையத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கமலவேணியின் வேலை புடவைக்குக் குறை கண்டுபிடிப்பது. நெய்து வரும் ஒவ்வொரு புடவையையும் மேசைமேல் விரித்து, இழை எங்கே விட்டுப்போயிருக்கிறது, ஜரிகை எங்கே தாவியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். அதையும் புடவையைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம்தான் பார்ப்பார். முன்பக்கம் பார்த்தால் எல்லாப் புடவையும் நல்ல புடவைதானாம். பதினெட்டு வருடமாக இந்தப் பழக்கம். மனிதர்களையும் அவர் இப்படித்தான் திருப்பிப் பார்க்கிறார் என்று சங்கத்தில் ஒரு கிலி உண்டு.

போன வருடம் சங்கத்து ஜரிகைக் கட்டு காணாமல் போனதை அவர் உட்கார்ந்த இடத்திலேயே துலக்கியபிறகு, எதிர்வீட்டு பாலாஜி சும்மா இருக்கவில்லை. ஊரெல்லாம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அவன், 'கமலவேணி - பாலாஜி. துப்பு துலக்கித் தரப்படும்' என்று இருநூறு அட்டை அடித்துவிட்டான். அட்டைகளின் வெற்றுப் பக்கத்தில் கமலவேணி புடவை எண் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாலாஜியின் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் நாற்பத்தொன்பது நிமிடம் இருக்கிறது என்று அவன் போனில் கணக்கு ஓடவிட்டிருந்தான்.

"நேத்து எங்க மியூசியத்துல முத்திரைக்கட்டை காணாமப் போச்சுக்கா," என்று ஆரம்பித்தாள் இளவரசி.

அவள் வேலை பார்ப்பது ஒரு பட்டு வியாபாரி எழுதிவைத்துவிட்டுப் போன பழைய வீட்டில் நடக்கும் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக 'தொட்டுப் பார்' என்று ஒரு நிகழ்ச்சியை ஆடி மாதம் அவள்தான் தொடங்கினாள். பிள்ளைகள் திரிகையில் மாவு அரைப்பார்கள், மரக்காலில் நெல் அளப்பார்கள். கடைசியாகக் களத்து முத்திரை.

"அந்தக் காலத்துல நெல்லை அடிச்சுக் களத்துல குவிச்சதும், பங்கு பிரிக்கிற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாதுன்னு குவியல்மேல ஈரக் களிமண்ணை அப்பி, அதுமேல மரக்கட்டையால முத்திரை குத்துவாங்க. யாராவது நெல்லை அள்ளினா மண்ணு உடைஞ்சு காட்டிக்குடுத்துடும். எங்ககிட்ட இருக்கறது தென்னேரிக் களத்துக் கட்டை. 'தென்னேரிக் களம்'னு எழுத்து வெட்டியிருக்கும். நிஜக் கட்டை கண்ணாடிப் பெட்டிக்குள்ள. பசங்க குத்தறதுக்கு அதே மாதிரி ஒரு டம்மி செஞ்சு வச்சிருக்கோம்."

"சரி. நேத்து?"

"நேத்து வந்ததே தென்னேரிப் பசங்கதான். நாப்பது பேரு. அதே நேரத்துல மரத்துல பூச்சி பார்க்கறதுக்கு ஐதராபாத்துலேர்ந்து ஒரு நிபுணர் வந்திருந்தாரு. காப்பாளர் தினகரன் சார் பெட்டியைத் திறந்து வச்சுட்டு அவரைச் சாப்பிடக் கூட்டிக்கினு போயிட்டாரு. வந்து கட்டையைக் கையில எடுத்துப் பார்த்த நிபுணர், 'இது மாமரம், புதுசு. பதிவேட்டுல வேப்பமரம்னு இருக்குதே'ன்னுட்டாரு. அவ்வளவுதான். நாப்பது பையையும் கொட்டிப் பார்த்தாங்க. தீபிகான்னு ஒரு பொண்ணோட சாப்பாட்டு டப்பாவுல காய்ஞ்ச களிமண் வில்லை. அதுல முத்திரை விழுந்திருக்குது."

"டம்மியில குத்தினதா இருக்கும்," என்றான் பாலாஜி.

"அதான் இல்லையாம். நிஜக் கட்டையில 'னே' எழுத்துக்குக் குறுக்கால ஒரு விரிசல் உண்டு. பதிவேட்டுல ஒட்டியிருக்கிற பழைய போட்டோவுல தெரியும். அவ மண்ணுல அந்த விரிசல் விழுந்திருக்குது. அதனால நிஜக் கட்டை அவ கைக்குப் போயிருக்குதுன்னு சாரு அடிச்சுச் சொல்றாரு. அவ, 'மேசையில இருந்ததுலதான் குத்தினேன்'னு அழுதுக்கினே இருக்கறா. நாலு மணிக்கு அறக்கட்டளைச் செயலாளர் வராரு. போலீசுக்குப் புகார் டைப் அடிச்சு ரெடியா இருக்குது. பள்ளிக்கூடத்துல டி.சி. குடுத்துடுவாங்கன்னு பேச்சு."

"மத்தப் பிள்ளைங்க குத்தின மண்ணு?"

"அடுத்த குழுவுக்கு வேணுமேன்னு திரும்ப வாளியில போட்டுக் குழைச்சுடுவோம்."

"இவ மட்டும் ஏன் எடுத்து வச்சுக்கினா?"

இளவரசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க ஊர் பேரு இருக்குதேன்னு. அவங்க அப்பாகிட்ட காட்டணுமாம்."

கமலவேணி புடவையை ஒரு முழம் நகர்த்தினார். "டம்மி எத்தனை செஞ்சீங்க?"

"ஒண்ணுதான். முதல் வாரம் அதுல குத்தினா எழுத்தெல்லாம் திரும்பிக்கினு விழுந்துது. பசங்க ஒரே சிரிப்பு. அப்புறம் ஆசாரி சரி பண்ணிட்டாரு."

"ஆசாரி சொன்னாரா?"

"இல்ல, எங்க உதவியாளர் மஹாலட்சுமி அக்காதான். நான் புலம்பிக்கினு இருந்தேன். மறுநாள் காலையில 'சரி பண்ணியாச்சும்மா'ன்னாங்க. அன்னிலேர்ந்து நல்லா விழுது."

கமலவேணி புடவையின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு எழுந்தார். அந்த இடத்தில் புடவையில் ஒரு குறையும் இல்லை என்பது பாலாஜிக்கு அப்போது தோன்றவில்லை. அவன் பைக்கை எடுக்க ஓடியிருந்தான்.

முகூர்த்த மாதம் நெருங்கியதால் கடைத்தெருவில் வெளியூர்க் கார்கள் ஒன்றையொன்று முட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு காருக்கும் இரண்டு பேர் வீதம் ஓடி, கண்ணாடியைத் தட்டி, அசல் பட்டு வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பாலாஜி சந்துக்குள் நுழைந்து, ஒரு வீட்டு வாசலில் தறிக்காக நீளக் கட்டியிருந்த பாவு இழைகளுக்குக் கீழே குனிந்து, நாய் ஒன்றிடம் மன்னிப்புக் கேட்டு, அருங்காட்சியகத்தை அடைந்தபோது மணி இரண்டே கால். பின்னால் உட்கார்ந்திருந்த கமலவேணியின் கொண்டை கலையவில்லை.

வாசலில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"ரெண்டும் இருக்குதே! எதுக்கு இந்த ஆட்டம் ஆடிக்கினு இருக்காங்க?"

"இன்னா சொன்னீங்க?" என்றான் பாலாஜி.

"மஹாலட்சுமி! டீ இன்னா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெண்மணி துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பாலாஜி குறிப்பேட்டைத் திறந்து எழுதினான்: 'வாசலில் ஒரு பெண்மணி. தகவல் ஏதுமில்லை.'

காப்பாளர் தினகரன் ஒல்லியானவர். கூடத்தில் 'தொடாதீர்' என்று பதினோரு பலகைகள் வைத்திருந்தார். பன்னிரண்டாவது அவர் முகம். 'தொட்டுப் பார்' நிகழ்ச்சி நடக்கும் பின்கட்டு அறைக்குள் அவர் ஒருநாளும் காலடி வைத்ததில்லை என்பதை அவரே பெருமையாகச் சொன்னார்.

"இதுக்குப் பின்னால பெரிய கும்பல் இருக்குதும்மா. வெளிநாட்டு லிங்க் இருக்கும்."

"எட்டாங்கிளாஸ் பொண்ணுக்கா சார்?" என்றான் பாலாஜி.

"அவ சும்மா கூரியர்தான். கட்டையை எடுத்துக்கினு, அதே மாதிரி போலி ஒண்ணைச் செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காங்கன்னா எவ்வளவு பிளான் பாருங்க! சம்பவ இடத்துல ஒண்ணையும் நான் கலைக்கல."

கண்ணாடிப் பெட்டிக்குள் போலிக் கட்டை எழுத்து தெரியும்படி நிமிர்ந்து நின்றது. கைப்பிடியில் பதிவு எண் சீட்டு தொங்கியது. பாலாஜி குனிந்து 'தென்னேரிக் களம்' என்று உரக்கப் படித்தான்.

"பளிச்சுன்னு இருக்குது இல்ல?" தினகரனுக்கு அந்த நிலையிலும் ஒரு பூரிப்பு. "முன்னெல்லாம் என்னன்னே படிக்க முடியாது. ரெண்டு மாசமாத்தான். நான் போராடி வாங்கின எல்.ஈ.டி. லைட்டு. விசிட்டர் புக்குலகூட பாராட்டி எழுதியிருக்காங்க."

"அந்த நிபுணர் எழுத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்றார் கமலவேணி.

"அவருக்குத் தமிழ் வராதும்மா. பூச்சிதான் வரும்."

பதிவேட்டில் ஒட்டியிருந்த கறுப்புவெள்ளைப் படத்தைக் கமலவேணி கேட்டு வாங்கிப் பார்த்தார். பழைய கட்டை, குறுக்கே விரிசல், எழுத்துகள் இடம் வலம் மாறியிருந்தன. படத்துக்குக் கீழே சிவப்பு மையில், 'ஸ்டூடியோவின் தவறு. நெகட்டிவ் திருப்பி அச்சிடப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பு.

"நான் எழுதினது," என்றார் தினகரன். "வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கண்டுபுடிச்சேன்."

"சீட்டு கட்டினதும் நீங்கதானா?"

"நான்தான். எல்லாச் சீட்டுக்கும் மூணு முடிச்சு. ரிக்கார்டுன்னா முடிச்சு முக்கியம்மா."

கமலவேணி கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். சீட்டின் நூல் கைப்பிடியைச் சுற்றி வழவழவென்று ஓடியது. முடிச்சு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. ஓர் இடத்தில் மட்டும் நூல் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

"பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்ட மட்டும்தான். வேற யாரும் தொட முடியாது. வெள்ளிக்கிழமை தூசி தட்டறப்போ மட்டும் வெளிய குடுப்பேன்."

"யாருகிட்ட?"

"தூசி தட்டறவங்ககிட்ட," என்றார் தினகரன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

பின்கட்டு அறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது வெளையாட்டுச் சாமான் பெட்டி. அதுல தேடறதுக்கு இன்னா இருக்குது? பூட்டி வச்சாச்சு. செயலாளர் வந்து திறக்கட்டும்," என்று முடித்துவிட்டார்.

கமலவேணி பாலாஜியிடம் திரும்பினார். "டம்மி செஞ்ச ஆசாரி ஓரிக்கையிலதான் இருக்காராம். போய், எத்தனை கட்டை செஞ்சீங்க, திருத்தினீங்களான்னு மட்டும் கேட்டுக்கினு வா. நீயா எதையும் கண்டுபுடிக்காதே."

மணி மூன்று. பாலாஜி பறந்தான். வழியில் போன் இரண்டுமுறை ஆர்டர் வந்திருப்பதாகக் கூவியது. அவன் அதை அணைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிரியாணியைவிட அவசரமான வேலை அவனுக்கு வாய்த்திருந்தது.

மயில்வாகனம் ஆசாரி இழைப்புளியை நிறுத்தவே இல்லை. "ஒண்ணே ஒண்ணுதாம்பா செஞ்சு குடுத்தேன். மாமரம். திருத்தறதா? என் வேலையில திருத்தறதுக்கு இன்னா இருக்குது? அவங்க குடுத்த பழசுலதான் தப்பா இருந்துச்சு. அதையெல்லாம் நான் சரியாக்கி, பார்க்கறதுக்கு லட்சணமா வெட்டிக் குடுத்தேன். ஒரு தேங்க்ஸ் சொல்லல. அதுக்கப்புறம் அந்த வாசப்படியே மிதிக்கல நானு."

திரும்பி வரும் வழியெல்லாம் பாலாஜியின் மூளை பைக்கைவிட வேகமாக ஓடியது. ஒரு டம்மிதான் என்கிறார். ஆனால் இப்போது பெட்டிக்குள் ஒரு போலி, மேசையில் ஒரு டம்மி. ஆகப் போலிகள் இரண்டு. ஆகவே ஆசாரி பொய் சொல்கிறார். ஆகவே வெளிநாட்டுக் கும்பலின் தலைவன் ஓரிக்கையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருக்கிறான். மூன்று ஐம்பதுக்கு மூச்சிரைக்க வந்து இதைச் சொன்னபோது கமலவேணி தலையசைத்தார்.

"கணக்கு சரி. ஆனா அவரு பொய் சொல்லலன்னு வச்சுக்கினு மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பாரு."

பாலாஜி போட்டுப் பார்ப்பதற்குள் செயலாளரின் கார் வந்துவிட்டது.

பின்கட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். செயலாளர் ராஜகோபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு அவருக்கு வேறொரு கூட்டம். பள்ளித் தலைமையாசிரியை நாற்காலியின் நுனியில் இருந்தார். தீபிகா கன்னத்தில் கோடு கோடாகக் கண்ணீர் காய்ந்து நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா குப்புசாமி, நெல்வயலிலிருந்து அப்படியே வந்தவர், கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி நின்றார். அவருக்கு நாற்காலி போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மஹாலட்சுமி டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

புகார்க் கடிதம் மேசைமேல் இருந்தது. அதன்மேல் பேனா. பக்கத்தில் ஒரு பாலித்தீன் பையில் தீபிகாவின் களிமண் வில்லை. தினகரன் அதைப் பத்திரப்படுத்தியிருந்தார். பத்திரப்படுத்தியதில் அது இரண்டாக உடைந்திருந்தது.

"சாட்சி தெளிவா இருக்குது. கையெழுத்துப் போட்டுடலாமே சார்," என்றார் தினகரன்.

குப்புசாமி தொண்டையைச் செருமினார். "ஐயா, எம்பொண்ணு மண்ணுதான் எடுத்துச்சு. மண்ணு எங்க ஊர்ல எவ்வளவு வேணாலும் இருக்குது. ஒரு வண்டி கொண்டாந்து கொட்டிடறேன்."

"இது மண்ணு விஷயம் இல்லப்பா," என்றார் செயலாளர் பேனாவை எடுத்தபடி.

"மண்ணு விஷயம்தான் சார்," என்றார் கமலவேணி. "அஞ்சு நிமிஷம் குடுங்க. அந்த வெளையாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

பெட்டி திறந்தது. உள்ளே களிமண் அப்பி அடையாளம் தெரியாமல் ஒரு கட்டை கிடந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த கட்டையையும் கொண்டுவரச் சொன்னார் கமலவேணி. தினகரன் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கி வந்தார். இளவரசி வாளியிலிருந்து இரண்டு உருண்டைக் களிமண் எடுத்துத் தட்டி வைத்தாள்.

"தினகரன் சார், முதல்ல நீங்க குத்துங்க. உங்க கையில இருக்கறதை."

"நானா? களிமண்ணுலயா?"

"போலிதானே சார். என்ன ஆகிடப்போகுது?"

தினகரன் பாம்பின்மேல் கை வைப்பவர்போல வைத்து அழுத்தி எடுத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மண்ணில் எழுத்துகள் இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல விழுந்திருந்தன. விரிசல் இல்லை.

"இப்போ நீ, தீபிகா. அந்த டம்மியை எடுத்து நேத்து குத்தின மாதிரியே குத்தும்மா."

தீபிகா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, நெளிக்காமல் நேராகத் தூக்கினாள். மண்ணில் 'தென்னேரிக் களம்' என்று நிமிர்ந்து விழுந்திருந்தது. 'னே'வுக்குக் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு.



"அப்போ இதுதான்..." என்று ஆரம்பித்த பாலாஜிக்கு மீதி வரவில்லை. ஒரு டம்மி. அது கண்ணாடிக்குள். அப்படியானால் டம்மியின் பெட்டியில் இருப்பது? கணக்கு அவ்வளவுதான். குறிப்பேட்டில் வரைந்துவைத்திருந்த வெளிநாட்டு வரைபடத்தை அவன் மெதுவாக மூடினான்.

"எதுவும் திருடு போகல சார்," என்றார் கமலவேணி. "ரெண்டு கட்டையும் இங்கேயேதான் இருக்குது. இடம் மட்டும் மாறியிருக்குது. அதுவும் நேத்து இல்ல. ரெண்டு மாசமாச்சு."

"எப்படிச் சொல்றீங்க?" செயலாளர் பேனாவுக்கு மூடி போட்டார்.

"புடவையில பேரு நெய்வாங்க பாருங்க, முன்பக்கம் நேரா படிச்சா முதுகுல திரும்பித் தெரியும். நான் பாதி நாளு திரும்பின எழுத்தையே பார்க்கறவ. குத்தற கட்டையும் அப்படித்தான். மண்ணுல நேரா விழணும்னா மரத்துல திருப்பி வெட்டியிருக்கணும். நிஜ முத்திரையை மரத்துல பார்த்துப் படிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்ததை பாலாஜி பார்த்த உடனே படிச்சான். படிக்க முடிஞ்சுதுன்னா அது குத்தறதுக்கு ஆகாத கட்டை."

"ஆனா லைட்டு..." என்றார் தினகரன்.

"லைட்டு எழுத்தைத் திருப்பாது சார். ஸ்டூடியோக்காரரு மேலயும் தப்பு இல்ல. போட்டோவுல நிஜக் கட்டை எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்குது. ஆசாரியும் உங்களை மாதிரியே நினைச்சுட்டாரு. பழைய கட்டையில எழுத்து தப்பா இருக்குதுன்னு, டம்மியில நேரா வெட்டிக் குடுத்தாரு. அதுல குத்தினா எழுத்து திரும்பி விழுந்துது. பசங்க சிரிச்சாங்க. ஒருநாள் திடீர்னு சரியாச்சு. ஆசாரி அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலன்னு பாலாஜி கேட்டுக்கினு வந்திருக்கான். மரத்துல வெட்டின எழுத்தை ராத்திரியோட ராத்திரியா திருப்ப முடியாது. கட்டையைத்தான் மாத்த முடியும்."

"யாரு மாத்தினது?" தினகரனின் குரல் கீச்சிட்டது. "சாவி என்கிட்ட மட்டும்தான்..."

கமலவேணி மாமரக் கட்டையின் கைப்பிடியைக் காட்டினார். "உங்க சீட்டைக் கழட்டி இதுல கட்டியிருக்காங்க. உங்க மூணு முடிச்சு எங்க? அறுந்த நூல் ரெண்டு முனையையும் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்திருக்குது. எங்க தெருவுல பழைய பாவோட புதுப் பாவை இப்படித்தான் பிணைப்பாங்க. ஆயிரக்கணக்குல இழை, ஒண்ணுலயும் முடிச்சு இருக்கக்கூடாது. முடிச்சு இருந்தா தறி அச்சுல மாட்டிக்கும். பிணைச்சுப் பழகின கை, சும்மா ஒரு சீட்டைக் கட்டுன்னாலும் முடிச்சுப் போடாது."

இதைச் சொல்லும்போது கமலவேணி யாரையும் பார்க்கவில்லை. பாலாஜிதான் சுற்றிலும் பார்த்தான். டீ தம்ளரை நீட்டிக்கொண்டிருந்த கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கோடு கோடாகச் சாம்பல் ஏறியிருந்தன.

"நான்தான் மாத்தினேன்," என்றார் மஹாலட்சுமி, தம்ளரைச் செயலாளர் முன்னால் வைத்துவிட்டு. "காலையில தறிக்குப் பிணைச்சுட்டுத்தான் இங்க வேலைக்கு வரேன். இன்னா இப்போ?"

"உங்களுக்கு எவ்வளவு தைரியம்!" என்றார் தினகரன்.

"இருங்க சார். பசங்க ஆசையா வந்து குத்துதுங்க, எழுத்து கோணக்கோணலா விழுது. இந்தப் பொண்ணு இளவரசி அழாத குறை. கண்ணாடிக்குள்ள இருக்கற கட்டைக்கு இன்னா வேலை? சும்மா பார்க்கறது. பார்க்கறதுக்கு டம்மி போதாதா? குத்தறதுக்குத்தானே நிஜம் வேணும்? அதான் வெள்ளிக்கிழமை தூசி தட்டறப்போ மாத்தி வச்சேன். சரி பண்ணியாச்சுன்னு சொன்னேன். எப்படிப் பண்ணேன்னு யாரும் கேக்கல."

"ஒரு பொண்ணு மேல திருட்டுப்பட்டம் கட்டறாங்க. அப்போவாவது சொல்லியிருக்கலாமில்ல அக்கா?" என்றாள் இளவரசி.

மஹாலட்சுமியின் குரல் முதல்முறையாக ஏறியது. "சொல்லாம? நேத்து சாயங்காலமே, 'ரெண்டும் இருக்குதே சார்'னு சொன்னேன். 'போய் டீ வாங்கிக்கினு வா'ன்னாரு. இன்னிக்குக் காலையில சொன்னேன். மறுபடியும் டீ. இந்தத் தம்பி வாசல்ல வந்தப்போகூடச் சொன்னேன்."

பாலாஜி குறிப்பேட்டில் 'தகவல் ஏதுமில்லை' என்ற வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.

செயலாளர் புகார்க் கடிதத்தை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் டீத் தம்ளருக்கு அடியில் வைத்தார். தலைமையாசிரியை தீபிகாவின் தோளில் கை வைக்கப் போனார். அவள் கொஞ்சம் நகர்ந்து அப்பாவின் பக்கம் நின்றுகொண்டாள். இளவரசி வெளியே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து குப்புசாமிக்குப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஈர மண்ணுக்கு மேலே விரலை, படாமல், எழுத்து எழுத்தாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஊர் பேரு நல்லா விழுந்திருக்குது," என்றார் மகளிடம்.

"நான் சொன்னேன் இல்ல?" என்றாள் தீபிகா. இரண்டு நாளில் அவள் குரல் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

"இனிமே நிஜம் கண்ணாடிக்குள்ளதான். அதுல மாத்தமே இல்ல," என்றார் தினகரன், மிச்சமிருந்த அதிகாரத்தைத் திரட்டி.

"அப்போ அடுத்து வர்ற பசங்க எதுல குத்துவாங்க சார்?" என்று தீபிகா கேட்டாள். செயலாளர் பாலாஜியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஆசாரியை உனக்குத் தெரியுமில்ல? இன்னொரு கட்டை செய்யச் சொல்லணும். பழசுல இருக்கற தப்பு ஒண்ணுகூட விடாம."

"தப்பு தப்பா வெட்டணும்னு நான் போய்ச் சொன்னா இழைப்புளி பறந்து வரும் சார்," என்றான் பாலாஜி. ஆனாலும் குறித்துக்கொண்டான்.

கிளம்பும் நேரம் தீபிகா புதிய வில்லையைத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைக்கப் பார்த்தாள். இன்னும் ஈரம். ஓரம் நசுங்கியது. தினகரன் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அடியில் பஞ்சு, சுற்றிலும் பஞ்சு, மேலே மெல்லிய தாள்; செப்புத் திருமேனியை வெளியூர் அனுப்பும் பதத்தில் வில்லை உட்கார்ந்திருந்தது. மூடியைப் போட்டு, நூலைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் எந்தப் பலகையிலும் இல்லாததால் அவருக்கு அது வாயில் வரவில்லை.

"ரெண்டு நாளு நிழல்ல காயட்டும். வெயில்ல வைக்காதே," என்றார் தரையைப் பார்த்து.

"சரி சார்," என்றாள் அவள்.

அவர்கள் பேருந்துக்குப் போனபிறகு தினகரன் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தார். முந்தின நாள் அவர் கையாலேயே 'திருட்டு' என்று எழுதி, கீழே இருமுறை கோடு இழுத்திருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு அது. சிவப்புப் பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இதுக்கு நேரா இன்னான்னும்மா எழுதறது?" என்றார் கமலவேணியிடம்.

கமலவேணி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. காலித் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே மஹாலட்சுமி சொன்னார்:

"சரி பண்ணியாச்சுன்னு எழுதுங்க சார்."